சிறந்த நடிகருக்கான பாராட்டுரை

செருப்பையும் மீறிக் கம்பளத்தின் ஈரம் உள்ளங்காலுக்கு ஏறியது. ஏசியிலிருந்து ஒழுகியிருக்கும், இல்லாவிட்டால் காலையில் இதே மண்டபத்தில் நடந்த வளைகாப்பில் யாராவது பாயசத்தைக் கொட்டியிருப்பார்கள். அங்கயற்கண்ணி காலை இடப்பக்கம் நகர்த்தினாள், அங்கேயும் ஈரம்தான், ஈரத்தோடு ஒரு வாடை, அதை அமுக்குவதற்காக யாரோ மல்லிகை சென்ட்டை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள், இப்போது இரண்டும் ஒன்றாகக் கலந்து தொண்டையின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொண்டன. எச்சில் விழுங்கினால் வாடையையும் சேர்த்து விழுங்க வேண்டியிருந்தது. மேடையில் மாநகர் திரைவிமர்சகர் வட்டத்தின் ஆண்டு விருது விழா என்று தங்க எழுத்தில் மின்னிய பேனருக்குக் கீழே சிறந்த ஒலிப்பதிவாளருக்குக் கேடயம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நட்சத்திர நடிகன் ருத்ரேஷ் வருகிறான். வந்துகொண்டே இருக்கிறான். கோடம்பாக்கம் பாலத்தில் இருக்கிறான், வள்ளுவர் கோட்டத்தில் இருக்கிறான் என்று செயலாளர் பரந்தாமன் வரிசை வரிசையாகக் குனிந்து காதில் சொல்லிக்கொண்டு போனார். முதல் வரிசையில் விமர்சகர்களுக்கென்று வெள்ளைத்துணி போர்த்திய நாற்காலிகள், அதில் ஒன்று அவளுக்கு, மடியில் ஒரே ஒரு தாள். சிறந்த நடிகருக்கான பாராட்டுரை. எழுதியதும் அவள்தான், படிக்கப்போவதும் அவள்தான். வட்டத்தில் இத்தனை ஆண்கள் இருந்தும் பாராட்டுரையைப் படிப்பதென்றால் கயல் மேடம்தான், உங்க குரல்ல கேட்டாத்தான் மேடம் அது விருது மாதிரி இருக்கு, என்று பரந்தாமன் வருஷா வருஷம் சொல்வார். தாளின் ஓரம் விரலின் வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது.

பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தார்கள். அதுதான். அதைத்தான் மனசு விட்டு விட்டுப் போய்த் தொட்டுவிட்டு வந்தது, பல் விழுந்த இடத்தை நாக்கு தொடுவதுபோல. விழா தொடங்குவதற்கு முன்னால் லிஃப்ட் பக்கத்தில் பரந்தாமன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல சந்தனக் கலர் ஜிப்பா, நெற்றியில் குங்குமம், வாயில் ஏலக்காய். "மேடம், ஒரு சின்ன மாற்றம். ருத்ரேஷ் வர ஒத்துக்கிட்டார்." நல்ல விஷயம்தானே என்று அவள் சொன்னாள். "நல்ல விஷயம்தான். ஆனா சும்மா எப்படி வருவார்? சிறந்த நடிகர்னு சொன்னாத்தான் வருவேன்னு அவர் மேனேஜர் கண்டிஷனாச் சொல்லிட்டான். அவர் வந்தாத்தான் டிவிக்காரன் வருவான். டிவிக்காரன் வந்தாத்தான் ஸ்பான்சர். உங்களுக்குத் தெரியாததா?" அப்படியானால் சுடலைமணிக்கு என்று அவள் கேட்டாள். ஓட்டுப் போட்டு முடிவு செய்தோமே, நீங்களும்தானே கை தூக்கினீர்கள் என்று கேட்டாள். அவர் முகத்தில் கூச்சமே இல்லை, அதுதான் வியப்பு, வருத்தம் இருந்தது, பஸ்ஸில் இடம் இல்லை என்று சொல்கிற கண்டக்டரின் வருத்தம். "அவருக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் மேடம். ஆர்ட்டிஸ்ட் எங்க போகப்போறார். நீங்கதான போன் பண்ணிச் சொன்னீங்க, நீங்களே பக்குவமா ஒரு வார்த்தை சொல்லிருங்க." பிறகு அந்தத் தாளைக் கொடுத்தார். "உங்க உரை அப்படியேதான் இருக்கு. ரொம்ப அழகான உரை, கை வைக்கவே மனசு வரல. கடைசி ரெண்டு வரி மட்டும் எடுத்துட்டேன். அது வந்து, மகள் வீட்டுக் கதவு, காலிங் பெல்னு வருதுல்ல. ருத்ரேஷ் படத்துல அவருக்கு மகள் கிடையாதே."

ரொம்ப அழகான உரை. அவள் அதை எழுத ஒரு முழு ராத்திரி எடுத்துக்கொண்டாள். எழுதி முடித்த காலையில் சுடலைமணிக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது, யாரோ அதை அணைக்க ஓடினார்கள். இத்தனை வருஷமாகக் கூட்டத்தில் நிற்கிறவனாக, வில்லனுக்குப் பின்னால் கைகட்டி நிற்கிறவனாக, முதல் காட்சியிலேயே குத்துப்பட்டுச் சாகிற பிணமாக நடித்த ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், முதல்முறையாக ஒரு படத்தில் பெயர் உள்ள வேஷம், அதுவும் கதாநாயகன். உங்களுக்குத்தான் விருது என்றபோது அந்த மனிதர், "மேடம், நீங்க நம்பர் சரியாப் போட்டீங்களா?" என்று கேட்டார். சாலிகிராமத்தில் எத்தனையோ காலம் இருந்தும் திருநெல்வேலி இழுவை போகாத குரல். பாராட்டுரையைப் படித்துக் காட்டினாள். "இன்னொரு தடவ படிக்கியளா மேடம்? ஸ்பீக்கர்ல போடுதேன். வீட்டம்மா கேக்கட்டும்." இன்னொரு தடவை படித்தாள். குக்கர் அடங்கிவிட்டிருந்தது. இப்போது அந்த வீட்டம்மாவும் அவரும் பின்னால் எங்கேயோ தூண் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். சொல்லத்தான் போனாள். பக்குவமாக ஒரு வார்த்தை. அவள் வருவதைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள், அந்த அம்மா பட்டுச்சேலையின் மடிப்புக் கலையாமல் கைகூப்பினாள், அவர் புதுச்சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "மேடம், மேடைக்கு எந்தப் பக்கமா ஏறணும்?" என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வந்தது, "இடது பக்கம் படி இருக்குங்க." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்து வந்து இந்த ஈரத்தில் காலை வைத்து உட்கார்ந்துவிட்டாள். இடது பக்கம் படி இருக்குங்க. எவ்வளவு மரியாதையான பொய், பொய்கூட இல்லை, படி இடது பக்கம்தான் இருக்கிறது.

அந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள். எதிர்வீட்டுக் கதவு என்று பெயர், பிரிவியூ ஷோவுக்கு விமர்சகர்கள் நாலைந்து பேர்தான் வந்தார்கள், வந்தவர்களில் ஒருவர் குறட்டை விட்டார், இன்னொருவர் இடைவேளையில் பப்ஸ் வரவில்லை என்று பிஆர்ஓவிடம் சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டார். அவள் பார்த்தாள். கோபித்துக்கொண்டு போன மகளைத் தேடி ஊரிலிருந்து வருகிற ஒரு தகப்பன். மாடி ஏறி வந்து கதவுக்கு முன்னால் நிற்கிறான், உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம், குழந்தை ஒன்று சிணுங்குகிறது, காலிங் பெல்லுக்குக் கை போகிறது, தொடுவதற்கு முன்னால் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். கை அப்படியே நிற்கிறது, முகத்தைக் காட்டவே இல்லை, பிறகு அந்தக் கை மெல்ல இறங்கிச் சட்டைப்பையைத் தடவுகிறது, ஏதோ பெல் அடிக்க வந்தவன் இல்லை, எதையோ எடுக்க வந்தவன் மாதிரி. யாரும் பார்க்காத மாடிப்படியில் தனக்குத்தானே வெட்கப்படுகிறான். முப்பது வருஷமாகப் படம் பார்க்கிறாள், எப்போதாவது ஒரு தரம் இப்படி ஒரு கை கிடைக்கும், அதற்காகத்தான் மீதிக் குப்பையையெல்லாம் பார்க்கிறோம் என்று இளம் வயதில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைத்தான் கடைசி இரண்டு வரியில் எழுதினாள். அந்த இரண்டு வரியைத்தான் பரந்தாமன் எடுத்துவிட்டார். மீதியோ. தாளைப் பார்த்தாள். வசனம் ஓய்ந்த இடத்திலும் உடம்பால் பேசத் தெரிந்த கலைஞன். மிகையின் எல்லையைத் தொடாமல் உணர்ச்சியின் ஆழத்தைத் தொட்டவர். பாத்திரமாக நடிக்காமல் பாத்திரமாகவே வாழ்ந்தவர். கொடுங்காவல் என்கிற படத்தில் ருத்ரேஷ் ஒரு துறைமுகத்தையே துப்பாக்கியால் சல்லடை ஆக்கியவன், ஆனாலும் ஒரு சொல்கூட உறுத்தவில்லை. எல்லாம் அவனுக்கும் பொருந்தியது. யாருக்கும் பொருந்தும். ரங்கநாதன் தெரு நடைபாதையில் தொங்குகிற ஃப்ரீ சைஸ் நைட்டி மாதிரி, ஒல்லியானவளும் போடலாம், குண்டானவளும் போடலாம். பரந்தாமன் செய்தது அயோக்கியத்தனம்தான், ஆனால் அதைச் செய்ய அவருக்கு ஒரு பேனாக்கோடு போதுமானதாக இருந்ததே, அந்த எண்ணம் ஈரத்தைவிட, சென்ட் வாடையைவிட மோசமாகத் தொண்டையில் நின்றது. முப்பது வருஷம். வாரம் ஒன்றாக எத்தனை நைட்டி தைத்திருக்கிறாள்.

வாசலில் ஒரு கூச்சல் எழுந்தது. கறுப்புச்சட்டை போட்ட பவுன்சர்கள் நான்கு பக்கமும் கைகோத்து வட்டம் போட, நடுவில் குளிர்கண்ணாடியோடு ருத்ரேஷ் வந்தான், டிவிக்காரர்களின் வெளிச்சம் அவனுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தது. விமர்சகர்கள் எழுந்துவிட்டார்கள். போன மாதம் கொடுங்காவலைக் கூவம் என்று எழுதிய நாளிதழ்க்காரர், எழுபதைத் தாண்டியவர், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்க் கைநீட்டினார், கையை அந்த நெரிசலில் யாரும் கவனிக்கவில்லை, அவர் அந்தக் கையாலேயே தன் தலையை வாரிக்கொண்டு சிரித்தபடி திரும்பி வந்தார். அங்கயற்கண்ணியும் எழுந்தாள். எழ வேண்டும் என்று நினைக்கவில்லை, முழங்கால் தானாக நிமிர்ந்தது. எழுந்து போய்விடலாம், இப்படியே, இந்தத் தாளை நாற்காலியில் வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக. போனால் என்ன ஆகும். அவள் எழுதிய வாரப் பத்திரிகை அச்சை நிறுத்தியாயிற்று, இணையத்தில் போடுகிறார்கள், அங்கே உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு இவள் யாரென்றே தெரியாது, மேம் கொஞ்சம் ஷார்ட்டா குடுங்க என்கிறாள். இந்த வட்டத்தின் உறுப்பினர் அட்டை இருப்பதால்தான் பிரிவியூவுக்குக் கூப்பிடுகிறார்கள். அட்டை இல்லாவிட்டால் மத்தியானக் காட்சிக்குத் தனியாக டிக்கெட் வாங்கி, மூலையில் உட்கார்ந்து, படம் முடிந்து விளக்குப் போட்டதும் என்ன நினைத்தோம் என்று சொல்ல ஆளில்லாமல் எழுந்து வருகிற ஒரு வயசான பொம்பளை. அப்படி ஒருத்தியை அவள் மாலில் பார்த்திருக்கிறாள். பாப்கார்ன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பெயர்கள் ஓடி முடிகிறவரை உட்கார்ந்திருந்தாள், கூட்டிப் பெருக்குகிறவர்கள் அவள் காலைச் சுற்றிப் பெருக்கினார்கள். அந்தக் கால்கள் ஏனோ அடிக்கடி ஞாபகம் வருகின்றன. ஆக, பயம்தான். கொள்கை இல்லை, நாகரிகம் இல்லை, பயம். பயத்துக்கும் ஒரு வாடை உண்டு, அது மல்லிகை சென்ட்டைப் போலத்தான் இருக்கிறது.

தொகுப்பாளினி தமிழை மென்று துப்பினாள். சிறந்த நடிகர், என்று இழுத்து நிறுத்தி, ருத்ரேஷ் என்று வீறிட்டாள். அரங்கம் அதிர்ந்தது. அங்கயற்கண்ணி பின்னால் திரும்பவில்லை. தூண் பக்கம் இரண்டு பேர் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கக் கூடாது என்று கழுத்தை இரும்பாக்கிக்கொண்டாள், ஆனால் பார்க்காமலே தெரிந்தது, எழப்போன ஒரு மனிதர் பாதியில் உட்கார்வது. பாராட்டுரை வழங்க மூத்த விமர்சகர் கயல் மேடத்தை அழைக்கிறோம். இடது பக்கம் படி. ஏறினாள். மைக்கில் முன்னால் பேசிய அமைச்சரின் பாக்கு வாசனை அடித்தது, வாயை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோகவே அருவருப்பாக இருந்தது, யாரோ மென்ற வாயின் மேல் வாயை வைப்பதுபோல. படித்தாள். குரல் வழக்கம்போல வந்தது, அழகாக, கனமாக, வெட்கமில்லாமல். உடம்பால் பேசத் தெரிந்த கலைஞன் என்றபோது விசில் பறந்தது. பாத்திரமாகவே வாழ்ந்தவர் என்றபோது ருத்ரேஷ் குளிர்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் மாட்டிக்கொண்டு தலை குனிந்தான், அடக்கமாக. தாளில் அதற்குக் கீழே இருந்த இரண்டு வரிமேல் பேனாக்கோடு. அவள் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம், நன்றி சொல்லி இறங்கியிருக்கலாம், ஆனால் வாய் மேலே போயிற்று, மனப்பாடமாக இருந்தது. "மகளின் வீட்டு வாசலில், அழைப்பு மணியைத் தொடப்போய், தொடாமலே நின்றுவிடும் அந்தக் கை. மன்னிப்புக் கேட்க வந்த ஒரு தகப்பன், கேட்பதற்குக்கூடத் தனக்குத் தகுதியில்லை என்று உணரும் அந்த நொடியை, முகத்தைக் காட்டாமல், ஒரு கையால் மட்டும் நடித்துக் காட்டியதற்காக இந்த விருது." சொல்லிவிட்டாள். இப்போது ஒரு சலசலப்பு வரும், யாராவது சிரிப்பார்கள், நாளிதழ்க்காரர் திடுக்கிட்டு நிமிர்வார், டிவிக்காரன் கேட்பான், எந்தப் படம் மேடம் என்று. ஓரத்தில் நின்ற பரந்தாமனின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அவள் அரங்கத்தைப் பார்த்தாள். அரங்கம் கைதட்டியது.

கைதட்டி முடிப்பதற்கு நேரமாயிற்று. ருத்ரேஷ் மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்தான், உணர்ச்சிவசப்பட்டவன்போல, ஒருவேளை உண்மையாகவே வசப்பட்டுத்தான் போயிருந்தான். "மேடம் சொன்னாங்க பாருங்க, அந்தக் கை," என்றான். தன் கையை உயர்த்தி அதைத் தானே பார்த்தான். "அந்த ஷாட்டுக்காக நான் ரெண்டு நாள் சாப்பிடல. டைரக்டர் முகத்தைக் காட்டணும்னு சொன்னார். நான்தான் வேணாம்னேன். கை போதும் சார், கையே பேசும்னேன். அப்ப எல்லாரும் சிரிச்சாங்க. இன்னைக்கு அதைக் கவனிச்சு ஒருத்தங்க எழுதியிருக்காங்க. இதுக்கு மேல ஒரு நடிகனுக்கு என்ன வேணும்?" மறுபடியும் கைதட்டல், முன்னதைவிடப் பெரிது. முதல் வரிசையில் விமர்சகர்கள் ஆமோதித்துத் தலையாட்டினார்கள், நாளிதழ்க்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் அந்தக் காட்சியைக் கையால் செய்து காட்டிக்கொண்டிருந்தார், பெல்லுக்குக் கிட்டே கொண்டுபோய் நிறுத்தி. அவர் கொடுங்காவலைப் பார்க்காமலேதான் கூவம் என்று எழுதினார். எதிர்வீட்டுக் கதவையும் பார்க்கவில்லை. கல்லை எறிந்தால் தண்ணீராவது கலங்கும், இந்த அரங்கம் கல்லை வாங்கி மென்று விழுங்கிவிட்டு இன்னும் கொடு என்கிறது. அங்கயற்கண்ணிக்கு யாரோ பொன்னாடை போர்த்தினார்கள், அதன் ஜரிகை கழுத்தில் அறுத்தது.

கீழே சாப்பாட்டுக்கூடத்தில் வெங்காயப் பக்கோடாவும் பழைய எண்ணெயும் மணத்தன. தட்டை எடுத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவளிடம் சுடலைமணி வந்தார், பின்னால் பட்டுச்சேலை. திட்டப்போகிறார் என்று நினைத்தாள். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டாள், இந்தக் கூடத்தில் ஒருவராவது திட்டினால் வயிற்றில் கிடப்பது இறங்கிவிடும். "சாப்பிட்டியளா மேடம்?" என்று கேட்டார். சுடலைமணி, நான் உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், என்று அவள் தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இடது பக்கம் படினு சொன்னீங்கள்லா, அப்பமே உங்க மூஞ்சி சரியில்ல. என்னமோ மாறிப்போச்சுட்டினு இவகிட்ட அப்பமே சொல்லிட்டேன்." அந்த அம்மா தலையசைத்தாள். "ஆனா நம்ம சீனைச் சொன்னீங்க," என்றாள் அவள், மெதுவாக. "அது இவுக கைதான்னு எனக்குத் தெரியும்லா." உங்களுக்குக் கோபமே இல்லையா என்று அங்கயற்கண்ணி கேட்டாள், குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. சுடலைமணி அவளைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "கோவம் இல்லாம இருக்குமா மேடம். ஆனா கோவப்பட்டா அடுத்த நாள் என்னைய யாரு கூப்பிடுவா? நீங்க ஒண்ணு பண்ணுங்க. ருத்ரேஷ் சாரோட அடுத்த படத்துல ஒரு அப்பா கேரக்டர் இருக்காம். நீங்க சொன்னா கேப்பாரு. என்னைய ஒரு வார்த்தை சொல்லி விடுதீங்களா?" ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த மனிதர்மீதே அவளுக்குக் குமட்டியது, நீயுமா என்று. அந்தக் குமட்டல்தான் இன்று வந்ததிலேயே மட்டமானது என்று உடனே தெரிந்தது. அவளுக்காக அவர் பட்டினி கிடந்து ரோஷமாக இருக்க வேண்டுமா. அவளுடைய இரண்டு வரிக்குப் பொருத்தமாக வாழ்நாள் முழுக்கக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டுமா.

கறுப்புச்சட்டைகளை விலக்கி அழைத்துப்போனாள். ருத்ரேஷ் அவளைக் கண்டதும் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான், மெத்தென்ற, சூடான, வாசனையான கைகள். "மேடம், இவ்வளவு வருஷத்துல என்னை இப்படி யாரும் புரிஞ்சுக்கிட்டதில்ல. என்னா எழுத்து." நன்றி சார், என்று அவள் சொன்னாள். சொன்னபோது நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்து மலர்ந்தது, தெளிவாகத் தெரிந்தது, சந்தோஷம், அவனே சொல்கிறான் என்ற சந்தோஷம். அதைக் கண்டதும் கையை உருவிக்கொண்டாள். "இவர் சுடலைமணி," என்றாள். "அந்தக் கதவுக் காட்சி..." ருத்ரேஷ் அதற்குள் சுடலைமணியின் தோளில் கைபோட்டுப் பக்கத்தில் இழுத்து, கேமராவுக்கு முகத்தைத் திருப்பியிருந்தான், யாரோ படம் எடுத்தார்கள். "சொல்லுங்கண்ணே," என்றான் சிரிப்பைக் குலைக்காமல், "நடிப்புல ஆர்வமா?" சுடலைமணி அவளைப் பார்க்கவில்லை. "ஆமா சார்," என்றார். மேனேஜர் அவருடைய நம்பரைக் குறித்துக்கொண்டான்.

வாசற்படியில் காற்று இருந்தது, டீசல் புகையோடாவது காற்று. பொன்னாடையை உருட்டிக் கைப்பையில் திணித்தபோது பரந்தாமன் பின்னாலேயே வந்தார், ஜிப்பாவில் வியர்வை, முகத்தில் நிம்மதி. "கடைசில கொஞ்சம் பயமுறுத்திட்டீங்க மேடம். ஆனா அதுதான் ஹைலைட்டாப் போச்சு. டிவில அதைத்தான் போடப்போறாங்களாம்." அங்கயற்கண்ணி அவரை நேராகப் பார்த்தாள். "பரந்தாமன், நான் இனிமே இங்க வரமாட்டேன். வட்டத்துலேர்ந்து என் பேரை எடுத்துருங்க." சொன்னதும் உடம்பு லேசானது. எவ்வளவு சுலபம், இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே. பரந்தாமன் கோபப்படவில்லை. நெருங்கிய சொந்தக்காரர்போலப் பொறுமையாகத் தலையாட்டினார். "சரி மேடம். போன வருஷமும் இதே படியில நின்னுதான் சொன்னீங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்கல. ஆட்டோ பிடிச்சுத் தரவா?" அவள் மறுக்க வாயெடுத்தாள். இல்லையே, போன வருஷம் நான் அப்படி ஒன்றும்... சொல்லியிருந்தாள். ஆமாம், சொன்னாள், மழை தூறிக்கொண்டிருந்தது, இதைவிடக் கடுமையாகக்கூடச் சொன்னாள், கண்ணில் தண்ணீர் வந்தது, போன வருஷமும் யாருக்கோ அநியாயம் செய்திருந்தார்கள், ஒரு பெண், எடிட்டரோ கேமராவோ, மதுராந்தகம் பக்கத்திலிருந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ வந்து நின்றது. ஏறி உட்கார்ந்து, வண்டி பாலம் ஏறி இறங்குகிறவரை யோசித்தாள். அந்தப் பெண்ணின் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை.